இருட்டுக்குள்ள செய்த ஜெபம்

கம்பஸுக்காக மட்டக்களப்பில இருந்து யாழ்ப்பாணம் வந்து மூன்று வருசம். திருநெல்வேலியில ஒரு வீட்டு அறையில் நானும் என் சிநேகிதியும் இருக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் அவள் விடிய எழும்பி முழுகி, நல்லூருக்குப் போய், நெற்றி நிறையத் திருநீறோடு வருவாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் "சும்மா வெளிய போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு சேர்ச்சுக்குப் போவேன். என் பைபிள் உடுப்புப் பெட்டியின் அடியில் கிடந்தது.

அது வெட்கமில்லை, பயம். "சாமான் குடுத்துச் சமயம் மாத்துறவை" என்ற கோபம் யுத்தத்துக்கும் சுனாமிக்கும் பிறகு எங்கள் சனத்திடம் இருக்கிறது. அதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு கையில் சோறும் மறுகையில் சுவிசேஷமும் நீட்டினால், பசியில் இருக்கிறவர் எப்படி 'வேண்டாம்' என்பார்? நான் வாய் திறந்தால் என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்களோ என்றுதான் பேசாமல் இருந்தேன்.

போன வருசம் அவளுடைய அப்பாவுக்கு இருதய ஒப்பரேஷன். முதல் நாள் இரவு அவள் போர்வைக்குள் அழுதுகொண்டு கிடந்தாள். நான் லைற்றை நூத்துவிட்டு, கட்டிலில் இருந்தபடி அவருக்காக ஜெபித்தேன்.

"என்னடி, இன்னும் படுக்கேல்லையே? என்ன செய்யிறாய்?"

"ஒண்டுமில்ல. ஃபோன் பாக்கிறன்."

சொன்ன உடனே பேதுருதான் ஞாபகத்துக்கு வந்தார். ஒரு வேலைக்காரப் பிள்ளை கேட்ட கேள்விக்கே பயந்து, இயேசுவைத் தெரியாது என்று மறுத்தவர். ஞாயிறு பள்ளியில் அந்தக் கதையைக் கேட்டு, 'என்ன கோழை' என்று நினைத்திருக்கிறேன். அவருக்காவது உயிர்ப்பயம். எனக்கு?

விடிய தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, "ராத்திரி நான் பொய் சொன்னனான். அப்பாவுக்காக ஜெபிச்சுக்கொண்டிருந்தன்" என்றேன். கை நடுங்கியது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒவ்வொரு வெள்ளியும் உன்ர பேரையும் சொல்லித்தான் கும்பிட்டுட்டு வாறன். நீ எனக்காகக் கும்பிடுறதை மட்டும் ஏன் ஒளிச்சனீ?" என்றாள்.

என்னிடம் பதில் இருக்கவில்லை.

அண்டைக்கு ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருக்கும்போது, "நீ ஏன் இதை நம்புறாய்?" என்று அவளே கேட்டாள். நான் பிரசங்கம் செய்யவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று எங்கள் ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததைச் சொன்னேன். அன்றிரவு அம்மா செத்த பிள்ளைகளுக்காக அழுது ஜெபித்தார். கடைசியில், குண்டு வைத்தவனின் தாய்க்காகவும் ஜெபித்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சிலுவையில் தொங்கிக்கொண்டே தன்னைக் கொல்பவர்களுக்காக மன்னிப்புக் கேட்டவரைத்தான் அம்மா பின்பற்றுகிறார் என்று அப்போதுதான் விளங்கியது. "அவரை விட்டிட்டு என்னால இருக்க ஏலாது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அப்பா சுகமாகி வீட்டுக்கு வந்தார். முருகன் காப்பாத்தினார் என்கிறாள் அவள். நான் வாதாடவில்லை. அவள் இண்டைக்கும் நல்லூருக்குத்தான் போகிறாள்.

மறுதலித்த அதே பேதுருவின் பெயரில் உள்ள நிருபம், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது. அதையும் சாந்தத்தோடு சொல்லச் சொல்கிறது. துணிவு என்றால் மற்றவரை மாற்றுவது என்று நினைத்துத்தான் இவ்வளவு காலமும் பயந்திருக்கிறேன். என்னை ஒளிக்காமல் இருக்கத்தான் அது எனக்குத் தேவைப்பட்டது.

இப்போது பைபிள் மேசையில் இருக்கிறது. முதல் நாள் அதைக் கண்டவள் சிரித்தாள்: "பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கேக்க உதவினதே எங்கட நாவலர்தானடி. இதையே ஒளிச்சு வச்சனீ?"

போன ஞாயிறு செருப்பைப் போட்டுக்கொண்டே, "சேர்ச்சுக்குப் போயிட்டு வாறன்" என்றேன்.

"ம்ம். அப்பாவை மறந்திடாத" என்றாள்.