எஞ்சின் ஆசானுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசானே,

குமரிக் கடற்கரையில் வள்ளத்து எஞ்சின் பார்க்கும் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். பெயர் போட்டால் கூச்சப்படுவீர்கள், அதனால் போடவில்லை.

நீங்கள் கட்டுமரம் தள்ளிய தலைமுறையின் பிள்ளை. 1980-களில் ஒட்டுப்பலகை வள்ளங்களும் அவற்றின் பின்னால் மாட்டும் ஔட்போர்டு எஞ்சின்களும் நம் கரையில் பெருகியபோது, சொல்லித்தர ஆளின்றி, பிரித்துப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றீர்கள். அப்படித் தேடிய வித்தையைப் பூட்டி வைத்துக்கொள்ள உங்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்தீர்கள். முதல் நன்றி இதற்குத்தான்.

ஸ்பேனரைத் தருமுன் எங்களைப் பார்க்கப் பழக்கினீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைச் சொல்லச் சொல்வீர்கள். இளம் பழுப்பென்றால் சரி. கரியும் ஈரமுமாக இருந்தால் எரிபொருள் மிகுதி. வெளுத்திருந்தால் சூடு மிகுதி. கியர் ஆயில் பால் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. உடனே புரொப்பல்லரைக் கழற்றச் சொல்வீர்கள். பல நேரம் அதன் பின்னால் தங்கூஸ் என்னும் நைலான் வலை இழை சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுத்திருக்கும். சோறு போடும் வலையே எஞ்சினுக்குப் பகையாவதை அந்த இழையை எடுத்துக் காட்டிப் புரியவைத்தீர்கள்.

பிறகு இம்பெல்லர். உள்ளங்கையில் அடங்கும் அந்த ரப்பர் சக்கரம்தான் கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கிறது. தண்ணீரில்லாமல் கொஞ்சம் ஓடினாலும் இதழ்கள் கருகும் என்பதால், தண்ணீர் டிரம்மில் இறக்காமல் எந்த எஞ்சினையும் கிளப்ப விட்டதில்லை நீங்கள். லேசாகத் தேய்ந்திருந்தாலும் மாற்றச் சொல்வீர்கள். “இது நின்னா நீ கரையில இருப்ப. அவன் எங்க இருப்பான்?” என்று கேட்பீர்கள். ஒக்கிப் புயலில் ஆட்களைப் பறிகொடுத்த கரை இது. அந்தக் கேள்விக்கு இங்கே விளக்கம் வேண்டியதில்லை. நாம் முடுக்கும் ஒவ்வொரு போல்ட்டும் நாம் இல்லாத இடத்தில்தான் சோதனைக்கு வருகிறது.

ஆனி, ஆடியில் அலை முறியும் இடத்தில் வள்ளம் கவிழ்ந்து எஞ்சின் முழுகும். எடுத்து வெயிலில் காயவைக்கத்தான் எவருக்கும் தோன்றும். காற்றுப் பட்டால்தான் துரு விரைந்து பிடிக்கும் என்றீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, கயிற்றை மெல்ல இழுத்து நீரை வெளியேற்றி, சிலிண்டரில் எண்ணெய் விட்டு, தாமதிக்காமல் ஓடவைக்க வேண்டும். மணல் கரகரத்தால் இழுக்கவே கூடாது, பிரித்தாக வேண்டும். உடனே பார்க்க வழியில்லையா, நல்ல தண்ணீர்த் தொட்டியில் முழுக்கியே வைக்க வேண்டும். எஞ்சின் பிழைக்க அதைத் திரும்பவும் தண்ணீரில் போடுவதா என்று நாங்கள் திகைத்து நின்றது நினைவிருக்கிறதா?

இதையெல்லாம் எங்களோடு நிறுத்தவில்லை நீங்கள். ஞாயிறு பூசை முடிந்து வரும் கடலாடிகளையும் பட்டறையில் உட்காரவைத்துச் சொன்னீர்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினை நிறுத்துமுன் பெட்ரோலுக்கு மாற்றிச் சற்றே ஓடவிட்டால் மறுநாள் சிரமமின்றிக் கிளம்பும் என்பதும் அவர்களுக்கு அங்கே கிடைத்ததுதான். உங்களுக்கு வரும் வேலை குறையும் என்று வீட்டில் சொன்னபோது, “கடல்ல நிக்கிறது குறையட்டும்” என்று முடித்துவிட்டீர்கள். அந்த வார்த்தைக்காக எத்தனை குடும்பங்கள் உங்களுக்குக் கடன்பட்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியும்; உங்களுக்கும் தெரிய வேண்டும்.

இப்போது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் வருகின்றன. பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் கணக்கு போய், வால்வு இடைவெளிக் கணக்கு வந்திருக்கிறது. என்னிடம் தொழில் பழகும் பிள்ளைகளில் ஒருத்தி பெண். எதையும் துருவித் துருவிக் கேட்கிறாள். அவளுக்காக அந்தப் புது எஞ்சின் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் வாருங்கள், ஆசானே. நேரம் வைத்துக்கொண்டு வாருங்கள். அவள் எளிதில் விடமாட்டாள்.

நன்றியுடன்,
உங்கள் மாணவன்