402 மீட்டர்

கிளட்ச் எரிந்த வாடையை எந்தப் பொய்யாலும் மறைக்க முடியாது. 31 ஆண்டுகளாகச் சொந்தப் பட்டறையில் கார் பழுது பார்ப்பவன் நான். அன்று ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் நின்ற காரை நெருங்கியதுமே மூக்கு சொல்லிவிட்டது. குனிந்து பார்த்தேன். முன் டயர் இரண்டிலும் பூ தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. பின் டயர்கள் புதிது போலவே இருந்தன.

"ராத்திரி எங்கடா போனே?"

"கூட்டாளிங்களோட சாப்பிடப் போனேன்ப்பா."

"சாப்பிடப் போனவனுக்குக் கிளட்ச் ஏன் எரியுது?"

பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு வயது 22. நெடுஞ்சாலையில் நள்ளிரவுக்குப் பிறகு பந்தயம் விடுகிற கூட்டத்தோடு போயிருக்கிறான் என்பது புரிந்துவிட்டது. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவள் பேசாமல் போனால்தான் எனக்குப் பயம்.

சாவியைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சாவி இல்லாவிட்டால் கூட்டாளியின் காரில் ஏறிப் போவான். எனக்கு அது தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் போனேன்.

1986-இல் எனக்கு 20 வயது. டட்சன் 120ஒய் காரில் நானும் என் உயிர்க் கூட்டாளியும் இரவில் சுற்றுவோம். பத்து தீகாவில் பந்தயத் தடம் இருந்த காலம் அது. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, பார்த்ததைச் சாலையில் செய்து காட்டுவோம். தடம் என்பது பணக்காரர்களுக்கு, சாலை நமக்கு என்று ஒரு நினைப்பு. ஒரு மழை இரவில் அவன் மட்டும் காரை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் அவன் அம்மாவுக்குச் செய்தி சொல்லப் போனது நான்தான். இதை என் மகனிடம் அதுவரை நான் சொன்னதில்லை.

அன்று மாலை அவனைப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். "சாலையில ஓட்டினா இந்தக் கார் உனக்கு இல்லை. சிப்பாங்ல சாதாரண காருக்கும் 402 மீட்டர் ஓட விடுற நாள் இருக்கு. அங்க ஓடுறதா இருந்தா நானே தயார் பண்ணித் தர்றேன். மூணு மாசம் பொறுக்கணும். அதுவரைக்கும் ராத்திரி பந்தயம் கிடையாது" என்றேன். நம்ப முடியாமல் என்னைப் பார்த்தான்.

எங்கள் கார் புரோட்டோன் வீரா 1.8, டபுள் கேம். வயதான கார். மகன் ஒரு பட்டியல் வைத்திருந்தான்: டர்போ, பெரிய எக்ஸாஸ்ட், பின்னால் ஓர் இறக்கை. பட்டியலை மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "முதல்ல பிரேக்" என்றேன். 402 மீட்டர் ஓடிய பிறகு நிற்க வேண்டுமே! பிரேக் எண்ணெய், பேட், டிஸ்க் எல்லாம் மாற்றினோம். அடுத்தது டைமிங் பெல்ட். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். பழைய பெல்ட்டோடு அதிக ஆர்பிஎம்மில் ஓட்டுவது எஞ்சினோடு சூதாடுவதற்குச் சமம். அதன் பிறகு புதுக் கிளட்ச், பிளக், எண்ணெய்.

இதற்குப் பிறகுதான் உண்மையான பாடம் தொடங்கியது.

பேருந்து சட்டென்று கிளம்பினால் நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வார் அல்லவா? காரும் அப்படித்தான். கிளம்பும் நொடியில் பாரம் பின்னுக்குப் போகும். வீரா போன்ற ஒரு காரில், டயர் தாங்குகிற அளவுக்கு வேகமாகக் கிளம்பினால், ஏறக்குறைய 100 கிலோ பாரம் முன் சக்கரங்களை விட்டுப் பின் சக்கரங்களுக்கு மாறிவிடும். பின் சக்கரம் இழுக்கும் காருக்கு அது வரம். எங்கள் காரில் இழுப்பது முன் சக்கரம். எப்போது பிடிப்பு அதிகம் வேண்டுமோ அப்போதுதான் முன்பக்கம் லேசாகிறது. அதனால்தான் சக்கரம் வழுக்கிச் சுற்றுகிறது, டயர் தேய்கிறது, கார் நின்ற இடத்திலேயே அலறுகிறது. இந்த நிலையில் டர்போ போட்டால் புகைதான் கூடும்.

ஆகவே பின்பக்கத்தின் எடையைக் குறைத்தோம். மாற்று டயர், ஜேக், பின் இருக்கை எல்லாம் ஓட்ட நாளுக்குக் கழற்றும்படி வைத்தோம். பெட்ரோல் தொட்டியும் பின்னால்தான் இருக்கிறது. கால் தொட்டி போதும். பேட்டரியைப் பின் பூட்டுக்கு மாற்றலாமா என்று மகன் கேட்டான். பின் சக்கரம் இழுக்கும் காரில் செய்வதைப் பார்த்திருக்கிறான். நமக்கு அது முன்னாலேயே இருப்பதுதான் நல்லது என்றேன்.

பின் சஸ்பென்ஷனுக்குக் கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போட்டோம். ஸ்பிரிங்கால் பாரம் மாறுவதை நிறுத்த முடியாது. ஆனால் பின்பக்கம் தொப்பென்று உட்கார்ந்து முன்பக்கம் தூக்குவது குறையும். எஞ்சின் மவுண்ட் ரப்பர்கள் வெடித்திருந்தன. அவை தளர்ந்திருந்தால் எஞ்சின் ஆடும், சக்கரம் தத்தித் தத்திக் குதிக்கும், கடைசியில் டிரைவ் ஷாஃப்ட் முறியும். அவற்றையும் மாற்றினோம். பெரிய செலவு என்றால் முன்னால் போட்ட இரண்டு செமி ஸ்லிக் டயர்கள்தாம். எல்லாம் சேர்த்து 2,000 வெள்ளியைத் தாண்டிவிட்டது. பாதி அவன் சம்பளத்திலிருந்து வந்தது.

மவுண்ட் மாற்றிய இரவில், காருக்கு அடியில் இருவரும் படுத்திருந்தபோது, என் கூட்டாளியைப் பற்றிச் சொன்னேன். முகம் பார்க்காமல் சொல்வது சுலபமாக இருந்தது. அவன் வெகுநேரம் ஸ்பேனரைத் திருகவில்லை. "அவங்க அம்மா இருக்காங்களாப்பா?" என்று மட்டும் கேட்டான். "போன வருஷம்தான் தவறிப் போனாங்க" என்றேன்.

ஓட்ட நாளன்று என் மனைவியும் வந்தாள். நாசி லெமாக் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு, பின் இருக்கை இல்லாததால் என் லாரியில் வந்தாள். அங்கே தலைக்கவசம், நீளக் காற்சட்டை, பேட்டரி கட்டு, எண்ணெய்க் கசிவு எல்லாவற்றையும் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். எங்களைப் போலவே வீரா, சத்ரியா, மைவி என்று தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிற கார்கள் வரிசையாக நின்றன.

முன் டயர் காற்றை 26 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். பின் டயரை 40க்கு ஏற்றினேன். தண்ணீர் தெளித்த இடத்தைச் சுற்றிப் போகச் சொன்னேன். பூ உள்ள டயரில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு கோடுவரை வந்துவிடும். அதைத் தாண்டி, கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டு முன் சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றிச் சூடாக்கினால் போதும்.

முதல் ஓட்டத்தில் 5,000 ஆர்பிஎம்மில் கிளட்சை அப்படியே விட்டான். ஒரே புகை. சீட்டில் 17.8 விநாடி. முதல் 60 அடிக்கே 2.9 விநாடி போயிருந்தது. "ஆரம்பத்துல தொலைச்சதைக் கடைசியில பிடிக்க முடியாதுடா. மூவாயிரத்துல வச்சு, கிளட்சை மெதுவா விடு. சக்கரம் பிடிச்சதும் முழுசா மிதி" என்றேன். இரண்டாவது ஓட்டம் 17.1. மூன்றாவது 16.7, 60 அடி 2.4. எஞ்சினில் ஒரு குதிரைசக்திகூட ஏறவில்லை. ஏறியது அவன் காலின் பக்குவம்.

போட்டி ஓட்டத்தில் பக்கத்துத் தடத்தில் ஒரு சத்ரியா. எங்களுக்கு மீண்டும் 16.7, அவருக்கு 16.9. ஆனால் ஜெயித்தது சத்ரியாதான். ஓட்ட நேரம் கார் கோட்டை விட்டு நகர்ந்த பிறகுதான் எண்ணத் தொடங்கும். பச்சை விளக்கு எரிந்து கார் நகர என் மகனுக்கு 0.9 விநாடி, அவருக்கு 0.5. கூட்டிப் பாருங்கள்: எங்களுக்கு 17.6, அவருக்கு 17.4. முதல் சுற்றிலேயே வெளியே!

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே வந்தான். "கார் ஜெயிச்சிருச்சுப்பா, நான்தான் தூங்கிட்டேன்" என்றான். சத்ரியாக்காரர் வந்து கை கொடுத்தார். மூவரும் காரின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினோம். என் மனைவி அவருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தாள்.

சாலையில் பந்தயம் விடுவது சட்டப்படி குற்றம் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமல் இல்லை. அவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் போகிறார்கள். வேண்டாம் என்று சொன்னதோடு, எங்கே ஓடலாம் என்பதையும் காட்ட வேண்டியிருந்தது. எனக்கு அப்படிக் காட்ட ஆள் இல்லை. என் கூட்டாளிக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பின் இருக்கையை மாட்டினோம், டயர்களை மாற்றினோம். திங்கட்கிழமை அவன் அதே காரில் வேலைக்குப் போனான். அந்த ஓட்டச் சீட்டை அவன் அம்மாதான் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். 0.9 என்ற எண்ணைச் சுற்றி மகன் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறான்.

இப்போதும் காலையில் அந்தக் காரைத் தாண்டிப் போகும்போது என் மூக்கு தானாக மோந்து பார்க்கும். இதுவரை வாடை இல்லை.