வாயில்லா ஜீவனுக்குப் பல்வலி

கால்நடை மருத்துவர் என்று எழுதும்போதெல்லாம் எங்களுக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் சின்னான் கால்நடை அல்லன். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுச் சோபாவில் பாதியைத் தனதாக்கிக்கொண்ட நாய். ஆயினும் அச்சொல்லின் பழைய வாசனை முற்றாகப் போய்விடவில்லை. மாடு என்றாலே செல்வம் என்று பொருள் கண்ட மொழி நம்முடையது. அமெரிக்கச் சட்டமும் நாயை இன்றுவரை உடைமைகளின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

அதன் விளைவு மருத்துவமனை வாசலில் தெரியும். மனிதர்களுக்கான மருத்துவமனை ஏதேனும் ஒரு புறத்தணிக்கைக்கு உட்படாமல் முதியோருக்கான மெடிகேர் பணத்தைப் பெற இயலாது. விலங்கு மருத்துவமனைக்கு அத்தகைய நெருக்கடி கிடையாது. மருத்துவருக்கு மாநில உரிமம் வேண்டும். சில மாநிலங்களில் இடத்துக்கும் அனுமதி வேண்டும். அதற்கு மேற்பட்ட தரச்சான்று என்பது மருத்துவமனை தானே விரும்பித் தேடிக்கொள்வது. 1933இல் தொடங்கப்பெற்ற அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கம் அதை வழங்குகிறது. ஏறத்தாழ 900 அளவுகோல்கள்; மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு. பெரும்பான்மையான விலங்கு மருத்துவமனைகள் இச்சான்று இல்லாதவையே. நாய் வளர்க்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

சின்னானுக்குப் பதினோரு வயதானபோது வாய் நாறத் தொடங்கிற்று. முழு மயக்கம் கொடுத்துப் பற்காரையை அகற்ற வேண்டும் என்றார் எங்கள் மருத்துவர். கிழட்டு நாய்க்கு மயக்க மருந்தா என்று இருவரும் கலங்கியிருந்த வாரத்தில், மயக்கமே இல்லாமல் பல் சுத்தம் செய்து தருவதாக ஒரு துண்டறிக்கை அஞ்சலில் வந்தது. கட்டணமும் சொற்பம். ஆசை காட்டுவதற்கு வேறென்ன வேண்டும்?

அப்போதுதான் அந்தச் சங்கம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தோம். அதன் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி மயக்கமில்லா முறையைத் தகாதது என்று ஒதுக்குகிறது. காரணம் எளியது. காரையைப் பெயர்க்கும் கருவி நீரைப் பீய்ச்சிக்கொண்டே இயங்கும். மயக்கத்தில் மூச்சுக்குழலுக்குள் குழாய் செருகியிருந்தால்தான் அந்த நீரும் கிருமிகளும் நுரையீரலுக்குள் இறங்காமல் தடுக்க முடியும். விழித்திருக்கும் விலங்கை அமுக்கிப் பிடித்துச் சுரண்டினால் வெளிப்பரப்பு மட்டும் வெளுக்கும். நோய் குடியிருப்பதோ ஈறுக்கு அடியில். நமக்கு இதமாகத் தோன்றுவது வேறு, நாய்க்கு இதமானது வேறு.

தரச்சான்றின் பயன் எங்களுக்கு இந்த இடத்தில்தான் விளங்கிற்று. சுவரில் மாட்டிய சட்டத்தைக் காட்டிலும், கதவுக்குப் பின்னால் நடப்பதைப் பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்விகளை அது கற்றுத் தருகிறது. நோயாளிக்கு வாய் இல்லை. நம்மை உள்ளே விடமாட்டார்கள். நம்மிடம் இருப்பவை கேள்விகள் மட்டுமே.

எங்கள் மருத்துவரிடம் அச்சான்று இல்லை. எனினும் கேட்டோம். மயக்கத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை உண்டா? அறுவையில் ஈடுபடாத ஒருவர் இதயத்துடிப்பையும் மூச்சையும் தொடர்ந்து குறித்துக்கொண்டிருப்பாரா? உடல் குளிர்ந்துவிடாமல் எப்படிக் காப்பீர்கள்? வலிக்கு என்ன தருவீர்கள்? அவர் முகம் சுளிக்கவில்லை. பழைய குறிப்பேடு ஒன்றையே எடுத்துக் காட்டினார். சான்று இல்லாத இடத்திலும் நேர்மை இருக்கக்கூடும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். சான்று பெற்ற இடத்திலும் கை நடுங்கும் மருத்துவர் இருக்கக்கூடும். 900 அளவுகோல்களாலும் அன்பை அளக்க முடியாது.

பல்லுக்கான எக்ஸ்ரே கருவி உண்டா என்பது ஐந்தாம் கேள்வி. இல்லை என்றார். அது இருந்த, சான்று பெற்ற மருத்துவமனையின் முகவரியை அவரே எழுதிக் கொடுத்தார். முக்கால் மணி நேரப் பயணம், இரு மடங்கு செலவு.

மூன்று பற்களைப் பிடுங்கினார்கள். வேர்களில் சீழ் கோத்திருந்ததை எக்ஸ்ரே படத்தில் காட்டினார்கள். அம்மூன்றில் ஒன்று, வெளியிலிருந்து பார்த்தால், சின்னான் வாயிலேயே மிக வெண்மையான பல்.