ஒரு புதினமும் இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி வட்ஸ்அப்பில் கூப்பிடுவாள். அப்போது அவளுக்கு இரவு எட்டரை. நாங்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவைக்கும் மாதங்களில் ஏழரை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என்ன அண்ணை, புதினம்?"

"ஒரு புதினமும் இல்லை."

"இஞ்சையும் அப்பிடித்தான்."

பிறகு நாற்பது நிமிடம் கதைப்போம். புதினம் இல்லாதவர்கள் நாற்பது நிமிடம் என்ன கதைக்கிறீர்கள் என்று என் மகன் ஒருநாள் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் புதினம் இல்லை என்று சொல்ல முடிவது என்னவென்று அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நான் 1992இல் கனடாவுக்கு வந்தபோது எங்கள் ஊரில் தொலைபேசி இல்லை, மின்சாரம் இல்லை. கடிதம் வந்துசேர மாதக்கணக்கு எடுக்கும். வானொலியில் ஊரின் பெயர் வந்தால் அடிவயிறு கலங்கும். புதினம் என்ற சொல்லில் நல்லது எதுவும் ஒட்டியிருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

2024ஆம் ஆண்டு முழுவதும், ஐம்பத்திரண்டு ஞாயிறும், நான் தங்கச்சிக்கு அதே பதிலைத்தான் சொன்னேன். பொய்யென்று தெரியாமல்தான் சொன்னேன்.

இந்தத் தை மாதம் முதல் சனிக்கிழமை குசினிச் சுவரிலிருந்து பழைய கலண்டரைக் கழற்றினேன். ஸ்காபரோவில் தமிழ்க் கடைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், மார்கழி பிறந்தால் கையில் ஒரு கலண்டரைத் திணிக்காமல் விடமாட்டார்கள். எங்களுடையது வீடு விற்கும் முகவர் ஒருவர் தந்தது. ராகுகாலம், விரதநாட்கள், பள்ளிக்கூட விடுமுறைகள், அவற்றுக்குக் கீழே பன்னிரண்டு மாதமும் ஒரே கோட்டுடன் ஒரே சிரிப்பில் அந்த மனிதர். எங்கள் வீட்டில் பழைய கலண்டரை எறிவதில்லை. தாள் தடிப்பானது என்று அம்மா அதை அலுமாரித் தட்டுகளுக்கு விரிப்பார். வெட்டுவதற்கு முன் ஒருமுறை தட்டிப் பார்ப்போம் என்று தேத்தண்ணியோடு இருந்தேன்.

எங்கள் கலண்டரில் நாலு கை. மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், மாறி மாறி வரும் அவளுடைய வேலை நேரங்கள் நீல மையில். பதினேழு வயது மகன் ஆங்கிலத்தில், அவனுக்கு மட்டும் விளங்கும் சுருக்கெழுத்தில். பதினொரு வயது மகள் தன் பிறந்தநாளைச் சுற்றி ஏழு நட்சத்திரங்கள். எல்லாப் பெட்டிகளிலும் அம்மா. அம்மா கோண்டாவிலில் கணக்குப் படிப்பித்தவர். இடாப்பு மார்க் பண்ணிய கை, ஒரு பெட்டியையும் வெறுமையாக விடாது.

தை 15: "பொங்கினது. பால் கிழக்கால வழிஞ்சது." அந்தக் காலை எனக்கு நன்றாக ஞாபகம். பால் கிழக்கால் வழிந்தது மின்அடுப்பின் சூடேறிய தட்டில். புகை எழும்பி அலாரம் அலற, மகன் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினான். அம்மா அசையவில்லை. "கிழக்குத்தானே, நல்லது" என்றார்.

சித்திரையில் சூரிய கிரகணம். 8ஆம் திகதி, திங்கட்கிழமை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கிரகணம் முடியும்வரை அடுப்பு மூட்டக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. சூரியன் முழுதாக மறைவதைப் பார்க்க நயாகராப் பக்கம் போகவேண்டும் என்பது மகனின் கட்சி. கடைசியில் ஒருவரும் எங்கும் போகவில்லை. வானம் முழுக்க முகில். மூன்று மணி கழிந்து இருபது நிமிடமளவில் வெளியே யாரோ விளக்கை அணைத்ததுபோல இருண்டது, தெருவிளக்குகள் எரிந்தன, பிறகு விடிந்தது. மகள் யன்னலோடு நின்று "இவ்வளவுதானா?" என்றாள். பசியில் இருந்தாள், பாவம். அம்மா கலண்டரில் எழுதியது: "கிரகணம். பிள்ளையள் பத்திரம்."

வைகாசி நடுப்பகுதியில் "கறிவேப்பிலை வெளியில்". குளிருக்கு உள்ளே வைத்து வளர்க்கும் ஒரு மரத்தை ஆண்டுக்கு நாலரை மாதம் வெயிலுக்கு விடுவது இங்குள்ள பல வீடுகளில் ஒரு சடங்கு. இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எங்களுடையது அம்மா 2004இல் வந்த பிறகு நட்டது. இப்போது அதைத் தூக்க இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். யூலை 16இல் "பெருமழை, கீழை தண்ணி." டொன் வலி பெருந்தெருவில் கார்கள் வெள்ளத்தில் நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமை. எங்கள் நிலவறையில் கணுக்கால் அளவு தண்ணீர். கம்பளத்தை உரித்து எறிந்தோம். காப்புறுதிக்காரரோடு இழுபட்ட கதையை விடுவோம்.

ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் ஒரு சின்ன எண் இருந்தது. 6.50. 7.10. 7.05. ஆண்டு முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நடமாடினேன். அம்மா மருந்து எடுத்த நேரம் என்று நினைத்திருந்தேன். பெப்ரவரித் தாளில் ஒரு பெட்டியில் 9.40 என்று இருந்தது, அடியில் இரண்டு கோடு. அன்றைக்கு என்ன நடந்தது என்று யோசித்தேன். இரவு வேலை முடிந்து வரும்போது சினோ கொட்டி 401இல் வாகனங்கள் ஊர்ந்த காலை அது.

நான் வீட்டுக் கதவைத் திறந்த நேரங்கள்.

பதினாறு வருடமாகப் பாண் பேக்கரி ஒன்றில் இரவு வேலை செய்கிறேன். விடியவந்து சத்தம் கேட்காமல் சப்பாத்தைக் கழற்றுவேன். அம்மா நித்திரை என்று நினைத்து.

அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தாள்களைத் தட்டினேன். ஆவணிவரை பிழையில்லை. வெள்ளி, சனி இரவுகளில் எனக்கு வேலை இல்லை, ஆகவே சனி, ஞாயிறுப் பெட்டிகளில் எண் இல்லை. புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் 7.00 என்று இருந்தது. பிறகு இன்னொரு ஞாயிறு. ஒக்ரோபரில் ஒரே பெட்டியில் இரண்டு தடவை 6.50. நவெம்பரில் சில நாட்கள் தொடர்ந்து ஒன்றுமே இல்லை, பிறகு ஒரு கிழமை முழுவதும் எல்லா நாளும் 7.00, நான் தடிமனோடு வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்த கிழமை அது. கணக்குப் படிப்பித்த மனுசி. இரண்டாம் வாய்பாட்டைப் பிழைவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒக்ரோபர் 30இன் பெட்டியில்: "சாமான் கட்ட வேணும்."

அதை நாங்கள் எல்லோரும் அந்த நேரமே கண்டோம். அடுத்த நாள் தீபாவளி. ஹலோவீனும் அன்றைக்கே வந்ததால் பலகாரத்தைக் கட்டி அயலவர்களுக்குக் கொடுக்க நினைக்கிறார் என்று மனைவி இருபது சின்னப் பெட்டிகள் வாங்கி வந்தாள். அம்மா அந்தப் பெட்டிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. மனைவிக்குக் கொஞ்சம் மனக்குறை.

நவெம்பரில் எனது நீலச் சுவெற்றரைக் காணவில்லை. மகன் போட்டுக்கொண்டு போய் எங்கோ விட்டுவிட்டான் என்று அவனை ஏசினேன். அவன் இல்லை என்றான். நான் நம்பவில்லை. மார்கழிக் கடைசியில், பரிசு சுற்றும் தாளைத் தேடி மகள் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே நுழைந்து, கடைக்குக் கொண்டுபோகும் சில்லு வைத்த பையை இழுத்து வந்தாள். மேலேயே சுவெற்றர். கீழே மகளுக்கு ஒரு சட்டை, மகனுக்கு ஒரு காற்சட்டை, மனைவிக்கு ஒரு சுடிதார், அம்மாவின் இரண்டு சீலை. பிஸ்கட் ரின்னில் சீனியும் தேயிலையும். ரோச்லைற். மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி. சொப்பிங் பையில் சுற்றிப் பிறப்புச் சான்றிதழ்கள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மாவும், இது ஆர் வைச்சது என்று கேட்டுச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

கலண்டரைக் கையில் வைத்துக்கொண்டுதான் எனக்கு அது பொருந்தியது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதையும் வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழை. அம்மாவும் தங்கச்சியும் கோண்டாவிலிலிருந்து வெளிக்கிட்டு, செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலம் தாண்டி, கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் இருந்தார்கள். அடுத்த ஆண்டு சித்திரையில்தான் திரும்பிப் போனார்கள். அப்பா அதற்கு முன்னமே இல்லை. நான் இங்கே, எக்ளிங்ரனில் ஒரு நிலவறையில், நாலு பெடியளோடு வானொலிக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற ஒற்றை வரி வந்துசேர ஏழு கிழமை. அந்த ஏழு கிழமையும் நான் வேலைக்குப் போனேன், சம்பளம் எடுத்தேன், சமைத்தேன்.

அந்த இரவைப் பற்றி அம்மா ஒருநாளும் விரிவாகச் சொன்னதில்லை. எதைக் கட்டினார்கள், எதை விட்டார்கள் என்று நானும் கேட்டதில்லை. கேட்க உரிமை இல்லை என்று ஒரு நினைப்பு. இந்த முறை கட்டியபோது என்னுடைய உடுப்பையும் எடுத்து வைத்திருக்கிறார்.

பின்னேரம் மனைவி வேலையால் வந்ததும் கலண்டரைக் காட்டினேன். கோட்டைக் கழற்றாமலே நின்று பார்த்தாள்.

"ஆடி மாசமே நான் சொன்னனான். அடுப்பைப் பூட்டாமல் விட்டுட்டா எண்டு. பிறகு ஒருக்கா, தேத்தண்ணிக்கு உப்புப் போட்டவ எண்டு. நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

வயசு என்று சொன்னேன். இரண்டு முறையும். இரண்டாம் முறை கொஞ்சம் உரத்து.

"அங்கை எட்டுப் பேருக்கு ஒவ்வொரு நாளும் எழுதிக் குடுக்கிறன், என்ன சாப்பிட்டவை, என்ன மறந்தவை எண்டு. வீட்டிலையும் அதைத்தானே கண்ணில பட்டது. மூண்டாந்தரம் சொல்ல எனக்குத் தெம்பில்லை."

தை நடுவில் அம்மாவைக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போனோம். மகன்தான் கார் ஓடினான், புதிதாக லைசென்ஸ் எடுத்த பெருமையோடு. வைத்தியர் பொறுமையான ஆள். மொழிபெயர்க்க நான். ஒரு கடிகாரம் கீறி, பதினொன்று பத்து காட்டச் சொன்னார். அம்மா அருமையான வட்டம் கீறினார், கரும்பலகையில் கீறுவதுபோல ஒரே இழுவை. பிறகு பன்னிரண்டு எண்ணையும் வலப்பக்கத்தில் அடுக்கினார். இது என்ன மாதம் என்ற கேள்விக்கு "தை" என்றார், சரி. என்ன மாகாணத்தில் இருக்கிறீர்கள் என்றது அடுத்த கேள்வி.

"வடமாகாணம்" என்றார் அம்மா. ஒரு தயக்கமும் இல்லை.

நான் வைத்தியரைப் பார்த்து "ஒன்ராறியோ" என்றேன்.

அவர் சரி அடையாளம் போட்டார். ஏன் அப்படிச் சொன்னேன்? அம்மா சொன்னது பிழையாக எனக்குக் கேட்கவில்லை என்பது ஒன்று. மற்றது, பரீட்சை எழுதும் பிள்ளைக்குப் பக்கத்திலிருந்து விடை சொல்லும் பழைய புத்தி. படிப்பித்தவருக்கே பார்த்தெழுதக் கொடுத்தேன்.

மகன் மூலையில் போனை நோண்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் இவ்வளவு விளங்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அம்மாவைக் காரில் ஏற்றிப் பட்டி போட்டுவிட்டு, கதவைச் சாத்தி, வெளியே குளிரில் நின்றபடி சொன்னான்.

"அப்பா, அப்பம்மா அப்பிடிச் சொல்லேல்லை."

"தெரியும்."

"பிறகு ஏன்? டொக்டருக்குச் சரியாச் சொன்னால்தானே ஹெல்ப் பண்ணலாம்." கொஞ்சம் பொறுத்து, "நான் சுவெற்றர் எடுக்கேல்லை எண்டு சொல்லவும் நீங்கள் நம்பேல்லை" என்றான்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், சுவெற்றருக்கு. மற்றதுக்கு அடுத்த நாள் காலை, வேலையால் வந்த கையோடு, வைத்தியரின் அலுவலகத்துக்கு எடுத்து நடந்ததைச் சொன்னேன். எடுத்த பெண் ஒன்றும் சொல்லவில்லை, தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஞாபகமறதியைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு நாள் தந்தார்கள், பெப்ரவரி 20. அந்தக் கிழமை தங்கச்சி கூப்பிட்டபோது முதன்முறையாக என்னிடம் புதினம் இருந்தது. அவள் கேட்டுவிட்டு, கனநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அண்டைக்குக் கொடிகாமத்துக்குப் போகேக்கை அம்மா உன்ரை பழைய சேட்டு ஒண்டையும் கட்டிக்கொண்டுதான் வந்தவ, உனக்குத் தெரியுமே?" என்றாள்.

தெரியாது.

பழைய கலண்டரை வெட்டவில்லை. சுருட்டி என் அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். புதியதில் அதே முகவர், இம்முறை வேறு கோட். பெப்ரவரித் தாளைப் புரட்டி 20ஆம் திகதியில் தமிழில் "அம்மா, டொக்டர், 10.30" என்று எழுதினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, விரலை வைத்து வாசித்தார்.

"ஆருக்குத் தம்பி வருத்தம்?"

"உங்களுக்குத்தான் அம்மா. கொஞ்சம் மறதி எண்டு காட்டப் போறம்."

"ஓ" என்றார். சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பேனையை வாங்கி, அன்றைய பெட்டியைத் தேடிப் பிடித்து, மூலையில் 7.05 என்று எழுதினார்.