பார்க்காத படம்

என் அப்பாவிடம் ஒரு பொய் சொன்னேன். 1994இல் சொன்னது. 2017இல் சாகும்வரை அவர் அதை நம்பினார்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். வீடு நசரத்பேட்டை. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியாகி, பிறகு பூந்தமல்லிக் கொட்டகைக்கு வந்தபோது, அம்மாவை சைக்கிள் கேரியரிலும் நாலு வயது என்னை முன்பாரிலும் வைத்துக் கூட்டிப்போனாராம். நான் மடியில் தூங்கிவிட்டேன். அவருக்கு அந்தப் படம் வாழ்நாள் முழுக்கத் தீரவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் சாப்பாடு முடிந்ததும் தரையில் தண்ணீர் தொட்டு நாலு புள்ளி வைப்பார். அப்பா, மகன்; நடுவே ஒரு கோடு. அம்மா, மகள், இன்னொரு கோடு. பிறகு குறுக்கே இரண்டு கோடுகள். மகன் அந்த அம்மாவை விரும்புகிறான், அவன் அப்பாவை அந்த மகள் விரும்புகிறாள். "ரெண்டு கல்யாணமும் நடந்துட்டா யாரு யாரை எப்படிக் கூப்பிடுவாங்க, சொல்லுங்க?" பெற்ற தாயே மகளுக்கு மருமகள். மகன் தன் அப்பாவுக்கே மாமனார். வந்தவர்கள் விரல் விட்டு எண்ணிக் குழம்புவார்கள். கோடு காய்வதற்குள் அவரே விடையைச் சொல்லிச் சிரிப்பார்.

அக்காவின் நிச்சயதார்த்தத்தன்றும் புள்ளி வைத்தார். மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் படித்தவர்கள். நான் அந்த வருடம் நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு திரைப்படச் சங்கத்துக்கு நாலைந்து முறை போயிருந்தேன். அங்கே காதில் விழுந்த பெயர்களில் ஒன்று 'லா ரோந்த்'. ஒன்றோடொன்று பின்னிய காதல்களைப் பற்றிய பிரெஞ்சுப் படம் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

"அப்பா, இது பிரெஞ்சுப் படத்துல இருந்து அடிச்ச காப்பி" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

ஈர விரலோடு நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா? நீ பாத்தியாப்பா?"

"பாத்தேன்."

"கதை சொல்லேன்."

சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து ஒரு கதையை இட்டுக்கட்டினேன். ஒரு அப்பா, ஒரு பிள்ளை, பாரீஸ். அவர் கண்கொட்டாமல் கேட்டார். தரையில் தண்ணீர்க் கோடு போட்டு அவர் சந்தோஷப்பட்டது எனக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் காரணம். வந்தவர்கள் முன்னால் உயரமாகத் தெரிய, பக்கத்தில் இருந்தவர் தோள்மேல் கால் வைத்தேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு புதிர் போடுவதையே குறைத்துக்கொண்டார். போட்டாலும், விடை சொன்ன கையோடு, "இது பிரெஞ்சுக்காரன் கதையாம். எம் பையன் அந்தப் படத்தையே பாத்திருக்கான்" என்பார். பெருமையாகத்தான் சொல்வார். இருபத்து மூன்று வருடங்கள் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

'லா ரோந்த்' படத்தை நான் பார்த்தது 2020 ஊரடங்கில். மாக்ஸ் ஓஃபுல்ஸ் 1950இல் எடுத்தது. ஆர்தர் ஷ்னிட்ஸ்லரின் நாடகம். வியன்னா, 1900. சிமோன் சிஞ்ஞோரே நடித்த விலைமகள் ஒரு சிப்பாயோடு, சிப்பாய் ஒரு வேலைக்காரப் பெண்ணோடு, அவள் ஓர் இளைஞனோடு, அவன் இன்னொருவர் மனைவியோடு என்று பத்துப் பேர் கைமாறிக் கடைசியில் ஒரு பிரபுவின் வழியாக அதே விலைமகளிடம் வந்து சேர்கிறார்கள். நடுவே ஒரு குடை ராட்டினம் சுற்றுகிறது. அழகான படம். ஆனால் அதில் அப்பாவும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு சந்திப்பு முடிந்ததும் ஒருவர் கழன்றுகொள்கிறார், அடுத்தவர் வருகிறார். யாரும் யாரையும் முறை சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை.

அப்பாவின் படத்தில் சிக்கலே முறைதான். அம்மா பைரவியை மகள் ரஞ்சனி இனி எப்படிக் கூப்பிடுவாள் என்பதுதான் கேள்வி. மாமா, அத்தை, சம்பந்தி என்று ஒவ்வொரு உறவுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிற வீட்டில்தான் அது அப்படி வலிக்கும். அந்தப் புதிர் வேதாளம் ஓர் அரசனிடம் போட்டது. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலேயே இருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன அரசன் இதற்கு மட்டும் வாயடைத்துப்போகிறான். கம்பெனி விட்டு வந்து எண்ணெய்க் கறையோடு உட்கார்ந்த என் அப்பா, படத்தின் உயிர் எங்கே இருக்கிறதென்று சரியாகப் பிடித்திருந்தார். நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, நான் பார்க்காத ஒருவன் கையில் கொடுத்துவிட்டேன்.

அன்று ராத்திரி மடிக்கணினியை மூடிவிட்டு அவர் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவரிடம் சொல்ல எனக்கு இருந்தது இருபத்து மூன்று வருடம்.

போன மாதம் அம்மா, என் மகளுக்கு அந்தப் புதிரைச் சொல்லிக் கொடுத்தாள். அதே மாதிரி தண்ணீர் தொட்டு, நாலு புள்ளி. "இது பிரெஞ்சுக்காரன் கதைடி கண்ணு. உங்க அப்பாதான் கண்டுபிடிச்சு தாத்தாகிட்ட சொன்னான்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை.