அதற்கு முந்தைய நிமிடம்

பதினைந்து வயதுப் பையனிடம் "ஏன் இப்படிப் பண்ணுன?" என்று நான் கேட்பதில்லை. அப்பா, மாமா, ஹெட்மாஸ்டர் என்று எல்லாரும் அதைக் கேட்டு முடித்திருப்பார்கள். "சும்மா" என்று எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லியிருப்பான். நான் கேட்பது வேறு: "தம்பி, அதுக்கு முந்தின நிமிஷம் எங்க நின்ன? கூட யாரு இருந்தா? வண்டிச் சாவி எங்க இருந்துச்சு?" இதற்குப் பதில் வரும். சிகிச்சையை அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்க முடிகிறது.

ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவுக் கோளாறோடு ஏழெட்டு வயதில் வருகிற பிள்ளையை அடையாளம் காண்பது சுலபம். டீச்சரே சொல்லி அனுப்பியிருப்பார். பதின்வயதில் யாரும் கவனத்தைப் பற்றிப் புகார் சொல்வதில்லை. பைக்கில் விழுந்தான், பையில் கூல் லிப் புகையிலைப் பொட்டலம் இருந்தது, வகுப்பில் ஒருவனை அடித்துவிட்டான் என்றுதான் கூட்டி வருகிறார்கள். அதனால் பழைய ரேங்க் கார்டுகளைக் கேட்டு வாங்குகிறேன். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே, வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு கார்டில் "புத்திசாலி, ஆனால் ஒரு இடத்தில் உட்காரமாட்டான்" என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரி எனக்குப் பெரிய சாட்சி. பதினாலு வயதில் திடீரென்று மாறிய பிள்ளை என்றால் மனச்சோர்வா, தூக்கமின்மையா, கஞ்சாவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள் அறியாமையால் ஆபத்தில் இறங்குவதில்லை. ஹெல்மெட்டின் அவசியத்தை என்னிடமே அழகாக எடுத்துச் சொல்வார்கள். புகையிலை ஒழிப்புப் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளையையும் உதட்டுக்கடியில் பொட்டலத்தோடு பார்த்திருக்கிறேன். தெரிந்த விஷயம் அந்த நொடியில் கைக்கு வருவதில்லை, அவ்வளவுதான். கண்ணில் படுவதற்கும் கை நீள்வதற்கும் நடுவில் மற்ற பிள்ளைகளுக்கு இருக்கிற சிறு தாமதம் இவர்களுக்கு இல்லை. அறிவுரை அந்த இடைவெளியை உண்டாக்காது. வெளியிலிருந்து நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

அதனால்தான் சாவியைக் கேட்கிறேன். பெரும்பாலான வீடுகளில் வாசல் பக்கத்து ஆணியில் வண்டிச் சாவி தொங்குகிறது. அதை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டுங்கள் என்கிறேன். "பக்கத்துக் கடைக்குத்தான் டாக்டர் போவான்" என்று அம்மா சொல்வார். 2019 சட்டத்திருத்தத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று சொன்னால்தான் அப்பா நிமிர்ந்து உட்காருகிறார்.

ஆபத்தை நான் மிகையாகச் சொல்லவில்லை. டென்மார்க்கில் சுமார் 19 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், இக்கோளாறு உள்ளவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு. முக்கியக் காரணம் விபத்து. வயது வந்தபின் கண்டறியப்பட்டவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஸ்வீடனில் 2014-இல் வந்த ஆய்வில், இக்கோளாறு உள்ள ஆண்களுக்கு, அதற்கான மருந்து எடுத்த மாதங்களில் கடுமையான சாலை விபத்து, எடுக்காத மாதங்களைவிட 58 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் வயது வந்தவர்கள்தான். ஆனாலும் லைசென்ஸ் எடுக்கப்போகும் பையனுக்கு மருந்து எழுதும்போது அந்த எண் என் மனதில் இருக்கிறது.

மெத்தில்ஃபெனிடேட் என்ற அந்த மருந்தை எழுதினால், "இதுக்கே அடிமையாயிட்டா?" என்ற கேள்வி வரும். நியாயமான பயம். சிறுவயதில் முறையாக மருந்து எடுத்தவர்கள் பின்னால் போதைக்குப் போவது அதனால் கூடுவதில்லை என்றே நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. பசி, தூக்கம், எடை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தொடர்ந்து பார்க்கிறேன். மாத்திரை அட்டை அம்மா கையில்தான் இருக்க வேண்டும். பரீட்சை நேரத்தில் நண்பர்கள் அந்த மாத்திரையைக் கேட்பார்கள்.

பெண்பிள்ளைகள் தாமதமாகவே வருகிறார்கள். வகுப்பைக் கலைக்காமல் ஜன்னலோரம் கனவு கண்டுகொண்டிருக்கும் பெண்ணை யாரும் அனுப்புவதில்லை. மதிப்பெண் சரிந்து, அழுது, கையைக் கீறிக்கொண்ட பிறகே கூட்டி வருகிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது, டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கொடுத்துப் பிள்ளையை அனுப்பிவிடும் விஷயத்தில்தான். பள்ளியை விட்டு வெளியே அனுப்பிய பிள்ளைக்கு நாள் முழுக்கத் தெருவும் வண்டியும்தான் மிஞ்சுகின்றன. அதனால் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதித் தருகிறேன்: முன் பெஞ்சில் உட்கார வையுங்கள், வேலையைத் துண்டு துண்டாகக் கொடுங்கள், நோட்டுக்கட்டை ஸ்டாஃப் ரூமுக்கு இவனையே எடுத்துப்போகச் சொல்லுங்கள், பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு எழுதும்வரை பள்ளியிலேயே வைத்திருங்கள். கீழே என் போன் நம்பரையும் எழுதுகிறேன். சில தலைமையாசிரியர்கள் கூப்பிட்டுப் பேசுகிறார்கள்.