காற்றைக் கேட்டுவிட்டுத் தூண்டிலை எடு

"டீஃபன்பேக்கர் ஏரிக்கு எந்த மாதம் போகலாம்?" என்று கனடாவின் சஸ்காட்டூன் நகருக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். மாதத்தைச் சொல்லி என்ன பயன்? பெயர்தான் ஏரி. தெற்கு சஸ்காட்செவன் ஆற்றைக் கார்டினர் அணையால் மறித்து, 1967இல் வேலை முடித்த நீர்த்தேக்கம் அது. கோதுமை வயல்களுக்கு நடுவே சுமார் 225 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. குளிர்காலம் முழுக்க மின்சாரத்துக்காகத் தண்ணீரை இறக்குவார்கள். ஜூனில் ராக்கி மலைப் பனி உருகி வந்ததும் மட்டம் மளமளவென்று ஏறும். ஒரே ஆண்டில் பல மீட்டர் வித்தியாசம். போன ஆகஸ்டில் மீன் அள்ளித் தந்த முனை, இந்த மே மாதத்தில் வெடித்த களிமண் மேடாக நிற்கும்.

வசந்தத்தில் மீன்கள் முட்டையிடும் நாட்களில் பிடிக்கத் தடை. மே மாதம் தடை நீங்கியதும் ஆழத்தை மறந்துவிடுங்கள். வெயில் நேராக விழும், கறுத்த சேற்றுத் தரை உள்ள ஆழமற்ற குடாக்கள்தான் முதலில் சூடேறும். நார்தர்ன் பைக் மீன்கள் அங்கேதான் குளிர் காயும்.

ஜூன், ஜூலைதான் வால்ஐ மீனின் காலம். அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. டார்ச் அடித்தால் கண் வெள்ளையாக மின்னும். மங்கல் வெளிச்சத்தில் அதற்குப் பார்வை தெளிவு. இரைமீனுக்கோ அந்த வெளிச்சத்தில் அவ்வளவாகக் கண் தெரியாது. அதனால் அலையில்லாத, பளீரென்ற நண்பகல் நமக்கு வீண். காற்று அடிக்கும் கரைக்குத்தான் போகவேண்டும். அங்கே அலை களிமண் கரையை அரித்து நீரைப் பழுப்பாக்கும். கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோடு கரையோரமாக நீளும். அந்தக் கோட்டை ஒட்டி ஈயக்குண்டு கட்டிய இரையைத் தரையோடு மெதுவாக இழுங்கள். கல்லில் குண்டு தட்டுவது நரம்பு வழியாக விரலுக்குத் தெரியும். தட்டல் நின்று நரம்பு கனத்தால், அதுதான் மீன். படகுக்காரர்கள் காற்றைத் திட்டுவார்கள். கரையில் நிற்கிற எனக்கு அதுவே கூட்டாளி. ஆனால் புல்வெளிக் காற்றை அடக்க மலையும் இல்லை, மரமும் இல்லை. சின்னப் படகில் நடுத்தேக்கத்துக்குப் போவது வீரமல்ல, மடத்தனம்.

ஆகஸ்ட் வெக்கையில் பெரிய பைக் மீன்கள் குளிர்ந்த நீரைத் தேடி இறங்கிவிடும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கீழ்நீரோடு கலந்ததும் கொழுத்த மீன்கள் கற்கரைக்குத் திரும்பும். அக்டோபரில் விரல் மரத்துப் போகும், கூட்டமும் இராது. எனக்குப் பிடித்த மாதம் அதுதான். ரெயின்போ டிரவுட் தேடுகிறவர்கள் அணைப் பக்கம் போவார்கள். 2009இல் இங்கே பிடிபட்ட ஒன்று 48 பவுண்டு, உலக சாதனை. பண்ணைக் கூண்டிலிருந்து தப்பி வந்த இனமாயிற்றே, அதற்கெல்லாம் சாதனையா என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு.

பனிக்காலத்தில் பனிக்கட்டியில் துளையிட்டுப் பர்பாட் மீன் பிடிப்பார்கள். இரவில்தான் அது நன்றாகக் கடிக்கும். நடக்க 10 சென்டிமீட்டர், கார் ஓட்ட 30 சென்டிமீட்டர் நல்ல பனிக்கட்டி வேண்டும் என்பது பொதுக்கணக்கு. தேக்கத்தில் அதை அப்படியே நம்பாதீர்கள். அடியில் தண்ணீர் இறங்க இறங்க, கரையோரப் பனிக்கட்டி தாங்கலின்றித் தொங்கி விரிசல் விடும். அளக்காமல் அடி வைக்காதீர்கள்; சில அடிக்கு ஒரு துளை போட்டுப் பார்த்தபடி போங்கள், தனியாகப் போகாதீர்கள்.